நாயை அனுப்பிவிட்டால் உண்ணி போய்விடுமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீட்டில் இருக்கிறோம். போன வருடம் ஒரு தெருநாயைத் தத்தெடுத்தோம், கருப்பன் என்று பெயர். சில மாதம் முன்பு அவன் காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி. பிறகு காய்ச்சல், சாப்பிடவில்லை, ஒரு நாள் மூக்கிலிருந்து ரத்தம். கிளினிக்கில் 'டிக் ஃபீவர்', எர்லிக்கியா என்ற கிருமி என்று சொல்லி நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். இப்போது நன்றாக ஓடியாடுகிறான், ஆனால் மறுபடி எடுத்த டெஸ்ட்டும் பாசிட்டிவ். சுவரில் உண்ணி இன்னும் ஊர்கிறது. போன வாரம் என் ஐந்து வயது மகளின் கழுத்தில் ஒன்று ஒட்டியிருந்தது. கணவர் உண்ணி பரப்பும் லைம் நோய் பற்றிப் படித்துவிட்டுத் தூங்காமல் இருக்கிறார். மாமியார் புதுக்கோட்டைப் பக்கம் மாடு வைத்திருந்தவர். ஊரில் உண்ணிக் காய்ச்சலில் ஆட்கள் இறக்கிறார்கள், நாயை யாரிடமாவது கொடுத்துவிடு என்கிறார். அதுவரைக்கும் வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்து அவன் மேல் தடவுகிறார். கணவர் லைட்டரால் உண்ணியைச் சுடுகிறார். இதற்கிடையே ஜூன் விடுமுறையில் ம்யூனிக் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம், அங்கேயும் உண்ணி உண்டாம். நாயைக் கொடுத்துவிடுவதுதான் சரியா?

பதில்: வணக்கம். கருப்பனைக் கொடுக்காதீர்கள், அதுவும் இந்த நேரத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நாய் மேல் உள்ள பாசத்தில் மட்டும் சொல்லவில்லை. உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் உண்ணிகளை ஒழிக்க உங்களிடம் இருக்கும் மிக நல்ல வழியே அவன்தான். அவனை அனுப்பிவிட்டால் பசியோடு காத்திருக்கும் உண்ணிகளுக்கு அடுத்துக் கிடைக்கப்போவது உங்கள் மகளும், தரையில் பாய் போட்டுப் படுக்கும் பழக்கம் இருந்தால் உங்கள் மாமியாரும்தான். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மாமியாரிடமிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் அவர் சொல்வது முட்டாள்தனம் இல்லை. மாட்டு உண்ணியைப் பொறுக்கிப் பழகியவருக்கு உண்ணியைப் பற்றி நிறையவே தெரியும். உண்ணியால் நோய் வரும் என்று விஞ்ஞானத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே மாட்டுக்காரர்கள்தான். அமெரிக்காவில் டெக்சாஸ் காய்ச்சல் என்று மந்தை மந்தையாக மாடுகள் செத்தபோது, உண்ணிதான் காரணம் என்று அவர்கள் சொன்னதைப் படித்தவர்கள் பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தியோபால்ட் ஸ்மித், கில்போர்ன் என்ற இருவர் மாடுகளை உண்ணியோடும் உண்ணி இல்லாமலும் தனித்தனிப் பட்டிகளில் அடைத்துப் பார்த்து, மாட்டுக்காரர்கள் சொன்னது சரிதான் என்று 1893ல் எழுதினார்கள். ரோனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தது 1897ல். அதாவது பூச்சிகள் நோயைக் கடத்துகின்றன என்ற கதையில் மலேரியாக் கொசுவுக்கு முன்பே உண்ணி வந்துவிட்டது.

ஆனால் மாட்டு உண்ணி வேறு, நாய் உண்ணி வேறு. மாட்டு உண்ணி குஞ்சாக ஒரு மாட்டின் மேல் ஏறினால் அங்கேயே ரத்தம் குடித்து, அங்கேயே தோல் உரித்து, அங்கேயே வளர்ந்து, மூன்று வாரம் போல அதே மாட்டில் குடித்தனம் நடத்திவிட்டு முட்டையிடத்தான் கீழே விழும். அதனால் மாட்டைக் கழுவி, பொறுக்கி, எதையாவது தடவினால் வேலை பெரும்பாலும் முடிந்தது. உங்கள் வீட்டில் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. உலகத்தின் வெப்பமான ஊர்களில் எங்கெல்லாம் நாய் இருக்கிறதோ அங்கெல்லாம் இதுவும் இருக்கிறது. இது மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்கும். முட்டையிலிருந்து வரும்போது ஆறே கால், குண்டூசித் தலை அளவுகூட இருக்காது. நாய் மேல் ஏறி சில நாள் குடித்துவிட்டு இறங்கிவிடும். எங்காவது இடுக்கில் ஒளிந்து தோல் உரித்து எட்டுக் காலோடு வரும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். மூன்றாவது தடவை வளர்ந்த உண்ணியாக ஏறும் பெண், ஒரு வாரம் போலக் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பி, விழுந்து, ஊர்ந்து போய் ஓர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும்.

ஆக, எந்த நேரத்தில் பார்த்தாலும் நாய் மேல் இருப்பது ஒரு சிறு பகுதி. மீதியெல்லாம் வீட்டில். நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை இரண்டு மாதத்தில்கூட ஒரு சுற்று ஓடிவிடும். நாய் கிடைக்காவிட்டால் வளர்ந்த உண்ணி பல மாதம் பட்டினி கிடக்கும், சாகாது. குளிர்நாட்டுக் காட்டு உண்ணியைக் கொண்டுவந்து வீட்டுக்குள் விட்டால் ஈரம் போதாமல் சீக்கிரம் காய்ந்துவிடும். இதுவோ மனிதன் கட்டிய வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழப் பழகியது.

ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு இன்று ராத்திரியே தேடுங்கள். எல்லாரும் தரையைத்தான் பார்க்கிறார்கள். இந்த உண்ணிக்கு மேலே ஏறும் குணம். திரைச்சீலையின் மேல் மடிப்பு, சுவர்க்கடிகாரத்தின் பின்புறம், சுவிட்சுப் பலகையின் விளிம்பு, சாமிப் படத்தின் பின்னால், கட்டிலில் திருகாணி போட்ட ஓட்டைகள், சோபாவின் அடித்துணி, வாசல் இரும்புக் கதவின் கீல், வெளியே தாழ்வாரத்தில் இருக்கும் செருப்பு அலமாரி. சுவரும் கூரையும் சேரும் கோட்டில் மிளகு சிதறின மாதிரி நகர்ந்தால் அது போன மாதம் போட்ட முட்டைகள் பொரித்துவிட்டன என்று அர்த்தம். தேய்க்காதீர்கள். அகலமான ஒட்டுத்தாளால் அழுத்தி எடுத்து, மடித்து ஒட்டிப் போட்டுவிடுங்கள்.

இப்போது வேப்பெண்ணெய் விஷயம். வேப்பெண்ணெய்க்குக் கொஞ்சம் விரட்டும் சக்தி உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நாய் மேல் தடவினது சுவருக்குப் போய்ச் சேராது, கிருமியை நிறுத்தும் அளவுக்கு நம்பகமும் கிடையாது. கற்பூரத்தை மட்டும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நாய் நக்கினால் வலிப்பு வரை போகும், குழந்தை வாயில் போட்டாலும் அப்படித்தான். மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், மருத்துவர் சொன்னார் என்று இதைப் படித்துக் காட்டுங்கள், வீட்டில் சமாதானமாக இருக்கும். பூண்டு கொடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பார். கூடாது, நாயின் சிவப்பணுக்களை அது உடைக்கும். உண்ணி நோயால் ஏற்கெனவே ரத்தம் இழந்த நாய்க்கு அது வேறு தேவையா?

சரி, கருப்பன் எப்படி உங்கள் ஆயுதம் ஆகிறான் என்று பார்ப்போம். ஐசாக்சசோலின் என்ற குடும்பத்து மருந்துகள் இப்போது மாத்திரையாகக் கிடைக்கின்றன. ப்ரவெக்டோ, நெக்ஸ்கார்ட், சிம்பாரிக்கா, க்ரெடெலியோ என்று கடைப்பெயர்கள். சிலவற்றை மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும், ஒன்றை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. மருந்து நாயின் ரத்தத்தில் இருக்கும். உண்ணி குடித்ததும் அதன் நரம்பு தாறுமாறாகி, சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் சாகும். வளர உண்ணி மூன்று தடவை ஏறியே ஆக வேண்டும் என்றேன் இல்லையா? ஒவ்வொரு ஏற்றத்திலும் மருந்து காத்திருந்தால் சுவரில் இருப்பவை பசிக்குப் பசி அவனிடமே வந்து செத்து, முட்டையிட ஆள் இல்லாமல் குறைந்துகொண்டே வரும். இரண்டு மூன்று மாதம் ஆகும். முதல் சில வாரம் அவன் மேல் முன்பைவிட அதிகம் உண்ணி தெரிந்தால்கூட மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள், பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். அவனுக்கு முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இந்தக் குடும்பத்து மருந்துகளால் சில நாய்களுக்கு வலிப்பு வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018ல் எச்சரித்திருக்கிறது. மற்றபடி பெரும்பாலான நாய்கள் நன்றாகத் தாங்குகின்றன.

அதோடு பூச்சிமருந்து ஆட்களையும் கூப்பிடுங்கள், ஒரு தடவை அடித்தால் போதாது. "பூச்சி" என்று பொதுவாகச் சொல்லாமல் நாய் உண்ணி என்று சொல்லுங்கள், அப்போதுதான் கரப்பான் பூச்சிக்கு அடிக்கிற மாதிரி தரையோரத்தில் மட்டும் அடித்துவிட்டுப் போகமாட்டார்கள். வீட்டில் மீன்தொட்டி இருந்தால் மூடி, காற்று மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். அவர்கள் அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்கு நஞ்சு. பூனை இருந்தால் இன்னும் கவனம். நாய்க்கு முதுகில் ஊற்றும் பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டு நடுங்க நடுங்கத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களை எங்கள் தொழிலில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பூனைகளை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் முறைப்படி வளர்க்க 2024 செப்டம்பரிலிருந்து அனுமதி வந்த பிறகு நாயும் பூனையும் ஒரே வீட்டில் என்பது சகஜமாகிவிட்டது, அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

நாயை அனுப்பினால் உண்ணி மனிதர் பக்கம் திரும்பும் என்று சொன்னேனே, அது வெறும் ஊகம் இல்லை. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டு பெரிய மரப்பெட்டிகள், நடுவே ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய். ஒரு பெட்டிக்குள் நாய், இன்னொன்றுக்குள் மனிதர். குழாயில் இந்தப் பழுப்பு நாய் உண்ணிகளை விட்டு, எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தார்கள். உண்ணியின் முன்னங்காலில் மோப்பம் பிடிக்கும் குழி ஒன்று இருக்கிறது. நாம் விடும் மூச்சையும் உடல் வாசனையையும் அதை வைத்துத்தான் உண்ணி கண்டுபிடிக்கிறது. 23 டிகிரி செல்சியஸ் வாக்கில் நாய் பக்கம் போனவை, அறையை 38 டிகிரிக்குக் கொண்டுபோனதும் மனிதர் பக்கம் திரும்ப ஆரம்பித்தன, அதிலும் வெப்பமண்டல வகை உண்ணிகளில் இந்த மாற்றம் பளிச்சென்று தெரிந்தது. 2020ல் இதை அறிவித்தார்கள். நம் பக்கத்தில் இருப்பதும் வெப்பமண்டல வகைதான். சாயங்கால வெயில் நேராக அடிக்கும் அறையில் மகள் தூங்குகிறாள் என்றால் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள், போர்வை தரையில் தொங்க விடாதீர்கள்.

கருப்பனின் நோய்க்கு வருவோம். இங்கே ஒரு சின்ன ஆதங்கம் எனக்கு உண்டு. சிங்கப்பூரில் யாரைக் கேட்டாலும் அமெரிக்காவின் லைம் நோயைச் சொல்வார்கள், ஆனால் எர்லிக்கியாவின் கதையில் நம் தீவுக்கே ஒரு பக்கம் உண்டு என்பது யாருக்கும் தெரியாது. கிருமியை முதலில் விவரித்தது 1935ல் அல்ஜீரியாவில். அப்புறம் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1963ல் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்களிடையே ஒரு நோய் கிளம்பியது: மூக்கில் ரத்தம், மெலிவு, ரத்தத்தில் எல்லா அணுக்களும் குறைந்துபோய்ச் சாவு. சில வருடம் கழித்து வியட்நாமில் அமெரிக்க ராணுவ நாய்கள் அதேபோல நூற்றுக்கு மேல் செத்தன, பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டுகள். அப்போதுதான் ராணுவ ஆராய்ச்சியாளர்கள் விழுந்து விழுந்து தேடி, இது அந்தப் பழைய எர்லிக்கியாதான், கடத்துவது பழுப்பு நாய் உண்ணிதான் என்று உறுதி செய்தார்கள். டெட்ராசைக்ளின் கொடுத்தால் காப்பாற்றலாம் என்பதும் அந்தக் காலத்துப் பாடம். கருப்பன் சாப்பிட்ட டாக்ஸிசைக்ளின் அதன் தம்பி மருந்து.

கிருமி ரத்தத்தின் வெள்ளையணுவுக்குள் புகுந்து குடியிருக்கும். உடல் அதோடு சண்டை போடும் குழப்பத்தில் ரத்தம் உறையவைக்கும் தட்டணுக்கள் சரிந்துவிடும், அதனால்தான் மூக்கில் ரத்தம். முதல் சில வாரம் காய்ச்சல், பிறகு நாய் தேறின மாதிரி தெரியும், கிருமி மட்டும் மண்ணீரலில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட ஒளிந்திருக்கும். சில நாய்களில் அது கடைசியில் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். அந்தக் கட்டத்துக்குப் போனால் காப்பாற்றுவது கஷ்டம். நீங்கள் சீக்கிரம் கொண்டுபோனது நல்லது.

அந்தப் பாசிட்டிவ் டெஸ்ட்? கிளினிக்குகளில் வைத்திருக்கும் சின்ன கிட், எர்லிக்கியாவைப் பொறுத்தவரை கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக நாயின் உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் பாசிட்டிவ் என்றதும் இன்னொரு நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் ஆரம்பிப்பதில் அர்த்தம் இல்லை. கேட்க வேண்டியது முழு ரத்தப் பரிசோதனை: தட்டணு எண்ணிக்கை ஏறி நிலைத்திருக்கிறதா? சந்தேகம் இருந்தால் பி.சி.ஆர். எடுக்கச் சொல்லுங்கள், அது கிருமியின் மரபணுவையே தேடும். இன்னொன்றையும் கேளுங்கள், பபீசியாவுக்குப் பார்த்தார்களா என்று. அது சிவப்பணுவைத் தின்னும் வேறு கிருமி, நம் ஊரில் அதையும் "டிக் ஃபீவர்" என்றே சொல்லிவிடுகிறார்கள். சாதாரண கிட்டில் அது தெரியாது, டாக்ஸிசைக்ளினுக்கு மட்டும் அடங்காது. ஈறு வெளுத்துப் போவது, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது அதன் அடையாளம். உண்ணி இல்லாமலே, நாய்ச் சண்டையில் கடிபட்டும் ஒரு வகை பபீசியா பரவும். தெருவிலிருந்து வந்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரு தடவை எர்லிக்கியா வந்தால் மறுபடி வராது என்றும் இல்லை, உண்ணி கடித்தால் மறுபடி வரும்.

தினமும் பொறுக்கி எடுத்தால் போதாதா என்று, வீட்டில் பணிப்பெண் இருந்தால், அவர் கேட்பார், ஏனென்றால் பொறுக்குவது அவராகத்தான் இருக்கும். போதாது. 2013ல் வந்த ஒரு ஆய்வில் உண்ணி கடித்த மூன்று மணி நேரத்திலேயே நாய்க்கு எர்லிக்கியா போய்விட்டது. இதில்தான் லைம் வித்தியாசப்படுகிறது. லைம் கிருமி உண்ணியின் குடலில் தூங்கிக்கொண்டிருக்கும். சூடான ரத்தம் உள்ளே வந்த பிறகுதான் விழித்து, மேல் சட்டையை மாற்றிக்கொண்டு, எச்சில் சுரப்பிக்கு நடந்து வரும். அதற்குப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் லைம் இருக்கும் ஊர்களில் ராத்திரிக்கு ராத்திரி உடம்பைப் பார்த்து எடுத்தாலே பெரிய பாதுகாப்பு.

உங்கள் கணவருக்கு நான் சொல்வது இதுதான். லைம் நோய்க்கு அந்தப் பெயர் வந்தது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஓல்ட் லைம் என்ற ஊரால். பிள்ளைகளுக்கு வரிசையாக முழங்கால் வீங்குகிறதே என்று 1970களின் நடுவில் அங்கிருந்த தாய்மார்கள் விடாமல் கேட்டதால்தான் ஆராய்ச்சியே ஆரம்பித்தது. கிருமியை உண்ணிக்குள் பார்த்தவர் வில்லி பர்க்டார்ஃபர், 1981ல். அதைக் கடத்துவது இக்சோடிஸ் என்ற காட்டு உண்ணி வகை. உங்கள் சுவரில் ஊர்வது அந்த வகை இல்லை, அது லைமைக் கடத்துவதில்லை. கிளினிக் கிட்டில் எர்லிக்கியாவுக்குப் பக்கத்தில் லைமுக்கும் ஒரு புள்ளி இருக்கும், ஒருவேளை அதைப் பார்த்துத்தான் பயந்தாரோ என்னவோ.

அதற்காக நம் பக்கக் காடுகளில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இக்சோடிஸ் குடும்பத்து உண்ணி ஒன்று இங்கே எலிகள் மேல் வாழ்கிறது. மலேசியாவில் அந்த உண்ணியிலிருந்து லைம் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்றை எடுத்திருக்கிறார்கள். 1956ல் அதே வகை உண்ணியிலிருந்து ஒரு வைரசையும் எடுத்து, சிலாங்கூரின் லங்காட் பெயரை வைத்தார்கள். ஐரோப்பிய உண்ணி மூளைக்காய்ச்சல் வைரசுக்கு அது சாதுவான தம்பி. ஆகவே மண்டாய்ப் பக்கமோ புக்கிட் தீமாவிலோ காட்டுப்பாதையில் நடந்துவிட்டு வந்து ஒட்டியிருக்கும் உண்ணி என்றால் அது வேறு கேள்வி, வீட்டுச் சுவரிலிருந்து வந்தது வேறு கேள்வி. பிடுங்கிய உண்ணியைத் தூக்கிப் போடாமல் ஒரு குட்டிப் புட்டியில் சாராயத்தில், அதாவது கை சுத்தம் செய்யும் ஆல்கஹாலில், போட்டு, தேதியும் எங்கே கடித்தது என்றும் எழுதி வையுங்கள். எந்த வகை என்று தெரிந்தாலே பாதிப் பயம் போகும் அல்லது சரியான பயம் வரும்.

மாமியார் சொன்ன புதுக்கோட்டைச் செய்தி உண்மைதான், ஆனால் தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் என்று செய்திகளில் வருவது ஸ்க்ரப் டைஃபஸ். அதைக் கடத்துவது நாய் உண்ணியே இல்லை. புதர்களிலும் எலிகள் மேலும் இருக்கும், கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு விழும். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளினுக்கே அடங்கும், தாமதமானால்தான் ஆள் போகிறது. ஊருக்குப் போய் வயல், புதர்ப் பக்கம் இருந்துவிட்டுத் திரும்பி இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால் அங்கே போய் வந்ததை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கருப்பனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மகளுக்கு என்ன செய்வது? கருப்பன் நக்கினதாலோ கட்டிப்பிடித்ததாலோ எர்லிக்கியா அவளுக்கு வராது, நடுவில் உண்ணி வேண்டும். நாய்க்கு வரும் இந்த எர்லிக்கியா மனிதருக்கு வருவது மிக அரிது. ஆனால் இதே பழுப்பு நாய் உண்ணி அரிசோனாவிலும் மெக்சிகோவிலும் மனிதரைக் கொல்லும் புள்ளிக் காய்ச்சலையே கடத்தியிருக்கிறது, மத்தியதரைக்கடல் நாடுகளில் அதன் சற்று லேசான உறவுக்காரக் காய்ச்சலை. அதனால் அலட்சியமும் வேண்டாம். கடித்த நாளிலிருந்து இரண்டு வாரம் பாருங்கள்: காய்ச்சல், தோலில் புள்ளிகள், கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு. ஏதாவது வந்தால் அன்றே மருத்துவரிடம் போய், அவர் கேட்கும் முன்பே "உண்ணி கடித்தது" என்று சொல்லுங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கியைத்தான் முதலில் நினைப்பார்கள், அது நியாயமும்கூட, உண்ணி நீங்கள் சொன்னால்தான் அவர் நினைப்புக்கு வரும். ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். கருப்பனின் மீதி மாத்திரையைத் தயவுசெய்து மகளுக்குக் கொடுக்காதீர்கள், இதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

லைட்டர் வேண்டவே வேண்டாம். சுடுவது, வாசலின் பூசுவது, எண்ணெய் ஊற்றுவது எல்லாம் உண்ணி தோலில் ஒட்டியிருக்கும் நேரத்தைத்தான் நீட்டும், எரிச்சலில் எச்சிலையும் உள்ளே கக்க வைக்கலாம். அதன் வாயில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன, சில வகை பசை மாதிரி ஒன்றைக் கக்கி ஒட்டிக்கொள்ளும். நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேராக மேலே ஒரே சீராக இழுங்கள். வாய்த்துண்டு கொஞ்சம் தோலில் தங்கினால் கத்தியால் நோண்ட வேண்டாம், தானே வெளியே வரும். சோப்பு போட்டுக் கழுவுங்கள். விரலால் நசுக்காதீர்கள்.

கடிக்கும்போது ஏன் வலிப்பதில்லை தெரியுமா? உண்ணியின் எச்சிலிலேயே மரக்க வைக்கும் பொருள், ரத்தம் உறையாமல் வைக்கும் பொருள், நம் நோயெதிர்ப்பை அடக்கும் பொருள் எல்லாம் இருக்கின்றன. இப்போது ஆராய்ச்சியின் சுவாரசியமான பகுதி இங்கேதான் நடக்கிறது. கிருமிக்குத் தடுப்பூசி போடாமல் எச்சிலுக்கே போட்டால் என்ன? 2021ல் யேல் பல்கலைக்கழகத்தில், உண்ணி எச்சிலின் 19 புரதங்களுக்கான ஆர்என்ஏ தடுப்பூசியைக் கினிப்பன்றிகளுக்குப் போட்டார்கள். உண்ணி கடித்த இடம் உடனே சிவந்து தெரிந்தது, உண்ணிகள் சரியாகக் குடிக்க முடியாமல் சீக்கிரம் விழுந்துவிட்டன. மாட்டு உண்ணிக்கு ஆஸ்திரேலியாவில் 1994லேயே ஒரு தடுப்பூசி விற்பனைக்கு வந்தது, அது உண்ணியின் குடலைத் தாக்கும் வகை; மாமியாரிடம் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். கருப்பனுக்கு அப்படி ஒன்றும் இன்னும் கடையில் இல்லை, மாத்திரைதான்.

ஜெர்மனி. இங்கே எழுதியதில் பாதியை அங்கே தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே உண்ணி வீட்டில் இல்லை, வெளியே புல்லிலும் காட்டோரத்திலும் காத்திருக்கும், அது இக்சோடிஸ் வகைதான், லைமும் கடத்தும். ஜூன் மாதம் அதற்கு நல்ல பருவம். புல்வெளிக்குப் போனால் கால்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக்கொண்டு, திரும்பி வந்ததும் உடம்பைப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். கடித்த இடத்தைச் சுற்றி மூன்று நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் விரிந்துகொண்டே போகும் தடிப்பு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இணையத்தில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் நிறத்தில் சிவப்பாகத் தெரியாமல் கன்றிப்போன மாதிரி இருக்கலாம்.

ம்யூனிக் இருக்கும் பவேரியாவில் இன்னொன்றும் உண்டு, உண்ணி மூளைக்காய்ச்சல் வைரஸ். மாநிலம் கிட்டத்தட்ட முழுவதுமே அதற்கு ஆபத்துப் பகுதி என்று அறிவித்திருக்கிறார்கள். இது லைம் மாதிரி தூங்கிக்கொண்டிருக்காது, எச்சிலிலேயே இருப்பதால் கடித்த உடனே ஏறிவிடும், பொறுக்கி எடுத்துத் தப்பிக்க முடியாது. ஆனால் தடுப்பூசி இருக்கிறது. முழுச் சுற்று மூன்று ஊசி, பல மாதம் ஆகும். முதல் இரண்டை இரண்டு வார இடைவெளியில் போடும் விரைவு முறையும் உண்டு. அக்கா வீட்டார் தோட்டம், காடு என்று சுற்றுகிறவர்களா என்று கேட்டுக்கொண்டு, பயண மருத்துவ கிளினிக்கில் இப்போதே போய்ப் பேசுங்கள், மே கடைசியில் போனால் நேரம் பத்தாது.

நீங்கள் போகும்போது கருப்பனைப் பராமரிப்பு நிலையத்தில் விடுவதாக இருந்தால், உண்ணி இருந்த வீட்டிலிருந்து வருகிறான் என்று மறைக்காமல் சொல்லுங்கள், அடுத்த மாத்திரை தேதி பயணத்துக்கு நடுவில் விழாதபடி மருத்துவரிடம் முன்கூட்டியே கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.